நடுவர் பார்க்காத பக்கம்

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினாலும் சரி, தாப்பா வழியாக ஏறினாலும் சரி, கேமரன் மலைக்குப் போகிறவர்கள் கியா பார்மில் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளாமல் திரும்ப முடியாது. பள்ளி விடுமுறை நாளில் பிரிஞ்சாங்கிலிருந்து இந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க, கோலாலம்பூரிலிருந்து தஞ்சோங் மாலிம் போகும் நேரம் ஆகிவிடும். சாலையின் இரு பக்கமும் கார்கள். கார்களுக்கு நடுவே சோளம் வேகும் ஆவி. சந்தைக்குள் நுழைந்தால் ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேன் புட்டி, சின்னச் சின்னத் தொட்டியில் கள்ளிச்செடி, கட்டுக் கட்டாக ரோஜா. தீபகற்ப மலேசியாவில் சாலை வழியே போய்ச் சேரக்கூடிய மிக உயரமான கிராமம் இதுதான் என்பார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிர்க்கடை தெரியாது.

வந்தவர்கள் பெரும்பாலும் சந்தையோடு திரும்பிவிடுகிறார்கள். சந்தைக்குப் பின்னால் சரிவில் இறங்கும் சிமெண்டுப் பாதையில் யாரும் போவதில்லை. அங்கே காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளுக்கு இடையில் சில வீடுகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழர்கள் சிலர், பிள்ளைகளோடு அங்கே குடியிருக்கிறார்கள். வானொலியில் தோட்டப்புறப் பொழுதுபோக்குகள் பற்றி ஒரு தொடர் செய்வதற்காக, குரல் பதிவுக் கருவியோடு அந்தப் பாதையில் இறங்கினேன்.

கும்மியைப் பற்றிச் சொன்னார்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதைச் சொன்னார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் நம்பியார் வந்ததும் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியதைச் சொன்னார்கள். ஆனால் மூன்று வீடுகளில் கேட்டபோது, மூன்று வீட்டிலும் குரல் உயர்ந்தது, கை ஓங்கியது, நாற்காலி நகர்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். மல்யுத்தம்.

அதிலும் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்த கை. மகன் சந்தையில் சாயுர் கடை வைத்திருக்கிறார். பாட்டிக்கு அறையில் தனித் தொலைக்காட்சி. சீரியல் பார்ப்பதில்லை. "அழுவுறத என்னாத்துக்குப் பாக்கணும்? நாம அழுவாததா?" என்றார். அவருக்குப் பிடித்தவர் அண்டர்டேக்கர். பெயர் வாயில் நுழையாததால் முனியாண்டி என்று வைத்துவிட்டார். "கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி, மணி அடிச்சதும் இருட்டுல நடந்து வருவான் பாரு, நம்ம எல்லக் கோயில் முனியாண்டியேதான்."

மகன் ஒரு கதை சொன்னார். 2014 ஏப்ரலில், ரெஸ்ல்மேனியா மேடையில் 21 முறை தோற்காமல் இருந்த அண்டர்டேக்கர், பிராக் லெஸ்னரிடம் தோற்றார். நியூ ஆர்லியன்ஸ் அரங்கில் அமெரிக்காவுக்கு அது ஞாயிறு இரவு. நமக்குத் திங்கள் காலை. அன்று பாட்டி உலை வைக்கவில்லை.

"அது நடிப்புன்னு தெரியாதா பாட்டி?"

பாட்டி என்னைப் பார்த்த பார்வையை வானொலியில் ஒலிபரப்ப முடியாது. "தெரியும்மா. நீ காலையில ஆறு மணிக்கு ரேடியோவுல சிரிக்கிறியே, அது மட்டும் நெசமா?"

இந்தக் கேள்வியோடுதான் கேமரன் மலையில் மேலும் இரண்டு நாள் தங்கினேன். பொய் என்று தெரிந்த சண்டையை ஏன் கோடிக்கணக்கானவர்கள் உயிரைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்? "ஏமாளிகள்" என்பது சோம்பேறிப் பதில். பாட்டி ஏமாளி இல்லை. அவரிடம் தக்காளி விலையில் பத்துக் காசு ஏமாற்றிப் பாருங்கள், தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உண்மையான மல்யுத்தம் இல்லாமல் இல்லை. அதைப் பார்க்கத்தான் பொறுமை இல்லை. 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில், பஞ்சாபின் மாபெரும் மல்லர் காமா, போலந்தின் ஸ்பிஸ்கோவோடு மோதினார். கொஞ்சமும் கலப்படமில்லாத போட்டி. என்ன நடந்தது தெரியுமா? காமாவின் பலம் புரிந்ததும் ஸ்பிஸ்கோ விரிப்பில் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஓடியது. போட்டி சமன். ஒரு வாரம் கழித்து மறு போட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். டிக்கெட் வாங்கியவனுக்கு ஒன்று இரண்டரை மணி நேரம் முதுகு பார்க்கும் தண்டனை, அல்லது உட்காருவதற்குள் முடிந்துவிடும் ஏமாற்றம்.

அமெரிக்காவில் 1920-களில் எட் லூயிஸ் என்ற மல்லரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டார்கள். நேரக் கட்டுப்பாடு, பறந்து விழும் பிடிகள், முன்கூட்டியே பேசி வைத்த முடிவு, ஊர் ஊராகத் தொடரும் பகை. இன்று நாம் தொலைக்காட்சியில் பார்ப்பதன் விதை அதுதான். முடிவு பேசி வைத்தது என்பதை வெளியே சொல்லாமல் காக்கும் தொழில் ரகசியத்துக்கு "கேஃபேப்" என்று அவர்களுக்குள் ஒரு சொல்லும் உண்டு. அந்த ரகசியத்தைக் கடைசியில் உடைத்தது வெளியாள் இல்லை. 1989-இல் இன்றைய டபிள்யூ டபிள்யூ இ நிறுவனத்தாரே நியூ ஜெர்சி மாநில செனட் சபையில், இது போட்டியல்ல, கேளிக்கை என்று சொன்னார்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக அதைச் சொன்னார்கள். வரி போனது. கூட்டம் போகவில்லை. பத்து ஆண்டில் இன்னும் பெருகியது. ரகசியம்தான் இழுக்கிறது என்றால், அன்றே அரங்கம் காலியாகியிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதை அதற்கும் முந்தியது. பாட்டி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர். வயது எண்பதை நெருங்குகிறது. சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு லாரியில் ஈப்போ போய்க் குஸ்தி பார்த்திருக்கிறார். அப்போது சிம்பாங் பூலாய்ச் சாலை கிடையாது. தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கித்தான் ஈப்போ. பாதிப் பேர் வழியிலேயே வாந்தி. "ஆனா போவோம். தாரா சிங் வர்றாருன்னா போவாம இருப்பமா?"

தாரா சிங் 1928-இல் பஞ்சாபில் பிறந்தவர். 1947-இல் பிழைக்க வந்த ஊர் சிங்கப்பூர். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை. அங்கேதான் கிரேட் வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவில் ஹர்ணாம் சிங் என்பவரிடம் மல்யுத்தம் பழகினார். மலாயாவில் மேடையேறிப் பேர் வாங்கிய பிறகுதான் இந்தியாவுக்குத் திரும்பி, திரைப்பட நாயகன் ஆனார். பிற்பாடு ராமாயணத் தொடரில் அனுமாராக வந்தவரும் அவரே. உலகம் அறிந்த தாரா சிங், ஒரு வகையில் நம் மண்ணில் உருவானவர்.

அவருக்கு எதிராளி என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது கிங் காங். எமில் சாயா என்பது இயற்பெயர். ஹங்கேரிய வம்சாவளி. சுமார் 200 கிலோ எடை, தாடி, மலை போன்ற வயிறு. சிங்கப்பூரைத் தம் ஊராக்கிக்கொண்டவர். கட்டிப் புரண்ட அந்த மனிதர் 1970-இல் ஈப்போவில் மல்யுத்தம் முடிந்து சிங்கப்பூருக்குக் காரில் திரும்பும் வழியில் விபத்தில் சிக்கி, சில வாரங்களில் இறந்துபோனார்.

"கிங் காங் தோத்தா என்னா ஐயா சந்தோசம் உங்களுக்கு?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தேநீரை ஆற்றினார். "தோட்டத்துல அப்ப யாரும்மா தொர? வெள்ளக்காரன். அவன் வர்ற பாதையில சைக்கிள விட்டு எறங்கணும். கொடைய மடக்கணும். எங்கப்பா கொட்டுற மழையில கொடைய மடக்கிக்கிட்டு நின்னத நான் பாத்திருக்கேன். அந்த ஆளு, ஈப்போவுல, ஒரு வெள்ளக்காரன நம்ம ஊரு ஆளு தலைக்கு மேல தூக்குறத பாக்குறாரு. என்னா கத்து கத்துனாரு தெரியுமா? அந்தக் கொரல் எங்கப்பாகிட்ட இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்."

தாரா சிங் பேசியது பஞ்சாபி. கிங் காங் எந்தத் தோட்டத்துக்கும் துரை அல்லர்; துரைமார்களின் மன்றத்தில் அவரைச் சேர்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனால் மேடைக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. மேலே இருப்பவன் ஒருவன், கீழே இருப்பவன் ஒருவன். கீழே இருப்பவன் தூக்குகிறான். புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனரும் மலாய்க்காரரும் அதே நொடியில் எழுந்து நின்றார்கள் என்றார் பெரியவர்.

ஊடகத் துறை படித்தபோது ஒரு பிரெஞ்சு எழுத்தாளரை எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். ரோலான் பார்த். அவருடைய "மித்தாலஜீஸ்" நூல் வெளியானது 1957-இல். மலாயா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு. அந்த நூலின் முதல் கட்டுரையே பாரிஸ் நகரத்து மல்யுத்தக் கூடங்களைப் பற்றியதுதான். குத்துச்சண்டையில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டலாம், மல்யுத்தத்தில் அதற்கு அர்த்தமே இல்லை என்கிறார் அவர். இங்கே பார்க்க வேண்டியது முடிவை அல்ல. துன்பம், தோல்வி, நியாயம் ஆகிய மூன்றும் கண்ணுக்கு எதிரே உருவம் எடுப்பதை. பழைய நாடகங்களில் முகமூடி செய்த வேலையை மல்லனின் உடல் செய்கிறது என்பது அவர் வாதம்.

பாரிஸ் வரை போகாமலே நமக்கு இது புரியும். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் படுகளம். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வேடம் கட்டிய பீமன் கதையோடு சுற்றிச் சுற்றி ஓடுவான். கடைசியில் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். பீமன் தோற்றுவிடுவானோ என்று அங்கே யாரும் பயப்படுவதில்லை. நூற்றாண்டுகளாக ஒரே முடிவு. ஆனாலும் கூட்டம் நெருக்கியடிக்கிறது, அழுகிறது.

கவனியுங்கள், இடுப்புக்குக் கீழே அடிப்பது கதாயுத்த விதிக்குப் புறம்பு. கண்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டியதால்தான் பீமன் அடித்தான். பலராமன் கோபித்துக்கொண்டதும் அதற்காகத்தான். அப்படியும் மக்கள் பீமன் பக்கம் நிற்கிறார்கள். ஏனென்றால், சபையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று விதி பேசிய பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் தெரியும். விதி அன்றே செத்துவிட்டது. மல்யுத்த மேடையிலும் அப்படியே. நல்லவன் அரை மணி நேரம் அடி வாங்குகிறான். வில்லன் கண்ணில் பொடி தூவுகிறான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறான், நடுவர் மட்டும் பார்ப்பதில்லை. கடைசியில் நல்லவனே நாற்காலியைத் தூக்கினால் அரங்கம் அதிர்கிறது. அது விதிமீறலுக்கான கைதட்டல் இல்லை. கணக்கு நேரானதற்கான கைதட்டல்.

இந்த நடுவர் விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. உலகத்தில் எந்த விளையாட்டிலும் நடுவர் இத்தனை குருடராக இருக்க மாட்டார். வில்லனின் கூட்டாளி மேடை ஓரத்தில் ஏறி நின்று வம்பு பேசுகிறான். நடுவர் அவனிடம் திரும்பி வாதாடுகிறார். அந்த ஐந்து விநாடியில் முதுகுக்குப் பின்னால் அக்கிரமம் நடக்கிறது. கடைசி வரிசைச் சிறுவன் வரை எல்லோரும் பார்க்கிறார்கள். "பின்னால பாரு, பின்னால பாரு" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நடுவர் திரும்பும்போது வில்லன் கையை விரித்து, ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறான். ஒவ்வொரு இரவும் இதே காட்சி. சலிப்பதே இல்லை.

மறுநாள் காலை சுங்கை பாலாஸ் பக்கம் போனேன். கியா பார்மிலிருந்து பக்கம்தான். பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போகும் குறுகலான சாலையிலிருந்து பிரிய வேண்டும். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒன்று இது. சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தேநீர்க் கூடத்தில் நின்றால், பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சைக் கம்பளத்தைச் சுருக்கம் சுருக்கமாகப் போட்டதுபோல் இருக்கும். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தூரத்தில் புள்ளி புள்ளியாக ஆட்கள் தெரிந்தார்கள். இன்று அவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கையால் கிள்ளுவது குறைந்து, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் சரிவு அதே சரிவு. பனியில் நனைந்த செடி இடுப்பு வரை அதே ஈரம். இங்கிருந்து பார்த்தால் அழகு மட்டும்தான் தெரியும். யாருக்கு முதுகு வலிக்கிறது என்று தெரியாது.

அன்று மாலை பாட்டியிடம் அவர் வேலை பார்த்த காலத்தைப் பற்றிக் கேட்டேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு விடியலில் ஏறுவது, அட்டைக்கடி, விரல் நுனியில் கறுத்த வெடிப்பு. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். நிறுவைக் கொட்டகைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"கொழுந்து நிறுக்கும்போது தராசு ஓரத்துல வெரல வைப்பாம்மா ஒருத்தன். ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பான், கூடைக்குன்னு ஒரு கிலோ கழிப்பான், அதுக்கு மேல அந்த வெரலு. நான் பாத்தேன். எனக்குப் பின்னால நின்ன பொம்பளைங்க அத்தன பேரும் பாத்தாங்க. கிராணி புஸ்தகத்தையே பாத்துக்கிட்டு எழுதுனாரு. யாருகிட்ட சொல்றது? சொன்னா மறுநாளு செங்குத்து மலையில போட்டுருவான். வாய மூடிக்கிட்டு வந்துருவோம். வயித்துல புள்ளையோட நின்னப்பகூட வலிக்குதுன்னு சொன்னதில்ல. சொன்னா பேரு வெட்டிருவான்."

தொலைக்காட்சியில் அப்போது ஏதோ பழைய போட்டி ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, "டேய், பின்னால பாருடா!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மல்யுத்தத்தில் நடப்பது வாழ்க்கையில் நடப்பதேதான். இரண்டு வித்தியாசங்கள் மட்டும். முதலாவது, அங்கே அக்கிரமத்தைக் கூட்டம் முழுவதும் ஒன்றாகப் பார்க்கிறது. பார்த்ததைப் பார்த்தேன் என்று கத்தவும் முடிகிறது. கத்தினால் யாரும் பேரை வெட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, வலி. மல்லர்கள் கற்கும் முதன்மையான கலைகளில் ஒன்று அடிப்பது அல்ல, அடிபட்டதைக் காட்டுவது. எதிராளியின் கை பட்டதும் கடைசி வரிசைக்குத் தெரியும்படி முதுகை வளைத்து, முகத்தைச் சுளித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்ட வேண்டும். அவர்கள் தொழில் மொழியில் இதை "விற்பது" என்கிறார்கள். வலியை விற்கத் தெரியாதவன் எத்தனை பலசாலியாக இருந்தாலும் மேடையில் எடுபடுவதில்லை. வாழ்நாளெல்லாம் வலியை மறைத்தே கூலி வாங்கிய ஒரு பெண், வலியை ஊரறியக் காட்டுவதற்குக் கூலி வாங்கும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது பொய்யாகப் படாததில் என்ன ஆச்சரியம்?

கத்துபவர்கள் இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை என்பதை உலகம் ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், அந்த ஆண்டின் ரெஸ்ல்மேனியாவை ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் நடத்தினார்கள். அதே வீரர்கள், அதே பிடிகள். ஆனால் பூட்ஸ் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும் கேட்டன. வில்லன் கையை விரித்து நிற்கிறான், திட்ட ஆளில்லை. யாரோ ஒத்திகை பார்ப்பதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது போல் இருந்தது. சில மாதங்களில் அரங்கைச் சுற்றிலும் திரைகளை அடுக்கி, வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் முகங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த நாள்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்கு நடுவே, வெறும் நிலையத்தில் தனியாக உட்கார்ந்து காலை வணக்கம் சொன்ன எனக்கு அது நன்றாகப் புரிந்தது. அந்தப் பக்கம் ஒருவர் பதில் சொல்கிறார் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பக்கம் குரலில் உயிர் வருகிறது. பாட்டி கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான்: சிரிப்பு ஏற்பாடுதான், ஆனால் கேட்பவர் சிரித்துவிட்டால் அது நிஜம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது நியாயமில்லை. முடிவு பேசி வைத்தது என்றாலும் உடல் பேசி வைத்தது அல்ல. 1999 மே 23 அன்று, அமெரிக்காவின் கன்சாஸ் நகரில், ஓவன் ஹார்ட் என்ற வீரர் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் சாகசத்தின்போது கொக்கி விடுபட்டு விழுந்து இறந்தார். கூட்டத்தில் பலர் அதையும் ஆட்டத்தின் பகுதி என்றே முதலில் நினைத்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள். வலியை நடிக்கும் தொழிலில் நிஜ வலிக்கு அடையாளமே இல்லாமல் போகும் ஆபத்து அது. முட்டி தேய்ந்து, முதுகுத் தண்டு போய், நாற்பது வயதில் கிழவராகிவிட்ட வீரர்கள் எத்தனையோ பேர். தேயிலைக் காட்டில் முதுகைக் கொடுத்தவர்களுக்கு இது புரியாத கணக்கில்லை.

இன்னொன்றும் உண்டு. யாரை வில்லனாக்குவது என்பதில் இந்த மேடை அப்படியொன்றும் நல்ல பிள்ளை இல்லை. அமெரிக்க மேடையில் நெடுங்காலம் தலைப்பாகை கட்டியவனும் தாடி வைத்தவனும் வேற்று மொழி பேசியவனும் வந்தாலே அவன் வில்லன். 2017-இல் பஞ்சாபி வம்சாவளி கனடியரான ஜிந்தர் மகால் உலகப் பட்டம் வென்றபோதுகூட, தலைப்பாகையும் பஞ்சாபிப் பேச்சும் அவரை வெறுக்க வைக்கும் கருவியாகத்தான் பயன்பட்டன. ஈப்போவில் ஒரு வெள்ளைக்காரனைத் தூக்கியதற்குக் கிடைத்த கூச்சலும், அங்கே ஒரு தாடிக்காரனைத் தூக்கினால் கிடைக்கும் கூச்சலும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன. நியாயத்துக்காகக் கத்துகிறோமா, வெறும் பகைக்காகக் கத்துகிறோமா என்பதை மேடை நமக்குச் சொல்லித் தராது. அதைப் பார்ப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் மேடை மாறவும் மாறுகிறது. 2014-இல் நம் நாட்டிலேயே மலேசிய புரோ ரெஸ்லிங் என்ற அமைப்பு தொடங்கியது. பெரிய அரங்கமில்லை, பெரிய பணமில்லை. வேலை முடிந்து வரும் பிள்ளைகள் பழகும் இடம். அங்கிருந்து வந்தவர்தான் "ஃபீனிக்ஸ்" என்ற பெயரில் ஆடும் நோர் டயானா. தலைத்துணி அணிந்து மோதும் இளம்பெண். முதலில் முகமூடியோடு ஆடி, பிறகு முகம் காட்டினார். 2019 ஜூலையில் நான்கு ஆண் வீரர்களை வென்று பட்டத்தை எடுத்தார். உலகச் செய்தி நிறுவனங்கள் தேடி வந்து எழுதின. கைப்பேசியில் அந்தக் காணொளியைப் பாட்டிக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை பார்த்தார். ஐந்தடிச் சொச்சம் உயரப் பெண், தன்னைவிடப் பெரிய ஆளின் மார்பில் உதைத்ததும், "அப்படிப் போடு" என்றார். பிறகு மெதுவாக, "இந்தப் புள்ள எங்க நிறுவைக் கொட்டகையில இருந்திருக்கணும்" என்றார்.

அடுத்த முறை கேமரன் மலைக்குப் போனால், கியா பார்மில் கார் நிறுத்த இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலியாக நீங்கள் இருந்தால், சோளம் வாங்கிய கையோடு பின்பக்கப் பாதையில் பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். தேயிலையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். தாரா சிங்கா கிங் காங்கா, ராக்கா அண்டர்டேக்கரா என்று கேளுங்கள். உட்கார நாற்காலி போடுவார்கள். தே ஓ வரும். பேச்சு நீளும். நடுவே எப்போதாவது தோட்டத்துத் தராசும் வரும். அப்போது மட்டும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவர்கள் பார்த்ததைக் கேட்க ஆள் வந்து நெடுநாள் ஆகியிருக்கும்.